கால்சியம் டப்பா

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் அம்மா ஆரிஃபா மறைத்தது அவ்வளவு பெரியது இல்லை. சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை மாத்திரைகள். மாதாமாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, காலியான கால்சியம் டப்பாவில் போட்டு மூடுவாள். வெறும் அட்டையைக் கிழித்து, குப்பையில் மீன் செதிலுக்கு அடியில் புதைப்பாள். கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் குப்பையைக்கூட வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அந்த மாத்திரைகள் எனக்கு. என் பெயர் ஜுவைரியா. வயது இருபத்து மூன்று. சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவள். எட்டு மாதமாக டிப்ரெஷனுக்கு மருந்து சாப்பிடுகிறேன்.

எதனால் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். போன வருஷம் தேசியப் போட்டியில் பதினொன்றாவதாக வந்தேன், அதுதான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அதற்கு முந்தின வருஷம் பத்தொன்பதாவதாக வந்துவிட்டு இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டவள் நான். காரணம் எதுவும் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து ஈசிஆர் ரோட்டில் மரக்காணம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தவள், ஒரு காலில் சாக்ஸை மாட்டிவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி, மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அழுகைகூட வராது. ஷார்ஜாவிலிருந்து அத்தா வீடியோ காலில் வந்து, "சைக்கிளைக் காட்டும்மா" என்பார். அவர் வாங்கி அனுப்பிய சைக்கிள். அம்மா போனைத் திருப்பிச் சைக்கிளைக் காட்டுவாள். நான் படத்தில் வரமாட்டேன்.

கடைசியில் அம்மாதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்காக அவளுக்கு ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் கௌதமனிடம் அவள், "ஓதிப் பாக்கலாமாங்க?" என்று கேட்டாள். அவர், "தாராளமா ஓதுங்கம்மா. மாத்திரையும் குடுங்க" என்றார். ஆறாவது வாரம் இரண்டாவது சாக்ஸ் காலில் ஏறியது. மூன்றாவது மாதம் சைக்கிள் தெருவைத் தாண்டியது.

மாத்திரை ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்டேன், நானும் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். இல்லை. ஓட்டலாம். ஆனால் எங்கள் மாநில டீம் கோச் சிவப்பிரகாசம் சாரிடம் ஒரு சட்டம் உண்டு. அவரிடம் பயிற்சி எடுத்த பசங்களில் ஒருவன், சித்தி கொடுத்த ஜலதோஷ மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோதனையில் மாட்டிக்கொண்டான். இரண்டு வருஷம் தடை. அன்று முதல் சார் யாரையும் நம்புவதில்லை. எந்த மாத்திரையாக இருந்தாலும் அவரிடம் காட்டி, எதற்கு என்று சொல்லி, அவருடைய நோட்டில் எழுதவேண்டும். எழுதாதவர்களுக்கு டீமில் இடமில்லை. கால்சியத்துக்கு மட்டும் விலக்கு. அதை அவரே சாப்பிடச் சொல்வார். ஆக, அம்மாவின் டப்பா எனக்கும் வசதியாகப் போயிற்று. தெருவுக்குப் பயந்து அவள் மூடினாள், நோட்டுக்குப் பயந்து நான் திறந்து காட்டவில்லை.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்தில் மாநிலத் தேர்வு. டைம் டிரையல், அதாவது ஆளுக்கு ஆள் ஒரு நிமிஷ இடைவெளியில் கிளப்பிவிடுவார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. பத்து கிலோமீட்டர் தெற்கே அனுமந்தைப் பக்கம் போய், திரும்பிப் பத்து கிலோமீட்டர். முதல் நான்கு பெண்கள் தேசியப் போட்டிக்கான டீம், ஐந்தாவது ரிசர்வ். முதல் மூன்று இடம் யாருக்கு என்று ஊருக்கே தெரியும். நாலாவது இடம் எனக்கா, கலைமதிக்கா என்பதுதான் கேள்வி. எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு இது முதல் பந்தயம். அந்த நாலாவது இடம் கிடைத்துவிட்டால் நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று அர்த்தம் என்று எனக்கு நானே சத்தியம் செய்து வைத்திருந்தேன். யாரும் கேட்காமல் செய்கிற சத்தியம்தான் ஆளைப் பிடித்து ஆட்டும்.

வெள்ளிக்கிழமையே எங்களை மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். பந்தி ஹாலில் சைக்கிள்கள், மணமகள் அறையில் நாங்கள் ஒன்பது பெண்கள். கலைமதியின் வீடு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். அவள் அப்பா சக்கரபாணி உப்பளம் வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். சார் விடவில்லை. என் பக்கத்துப் பாய் அவளுடையது.

சனிக்கிழமை காலை ரோட்டைப் பார்க்கப் போனோம். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளில் அந்தப் பருவத்தின் முதல் வாரல் நடந்துகொண்டிருந்தது. வாரிய உப்பு கரையோரம் குவியலாக ஏறி, சிலது கீற்று போட்டு மூடியிருந்தது. கலைமதி என் பக்கத்தில் வந்து ஓட்டினாள்.

"அனுமந்தைக்குப் போவசொல்ல காத்து முதுவுல இருக்கும். ஜாலியா இருக்கும், ஏமாந்துடாத. திரும்பி வரசொல்லதான் மூஞ்சில அடிக்கும். இந்த மாசம் வடக்குக் காத்து."

"எனக்கு ஏன்டி சொல்ற? நீயே வச்சிக்கோ."

"தெரியாம தோத்தேன்னு நாளைக்கு அழுவக்கூடாது இல்ல. தெரிஞ்சே தோத்துப் போ."

கலைமதி அப்படித்தான். எதிரி என்றால் இப்படி ஒருத்தி வேண்டும்.

திரும்பி வந்து நான் குளித்துவிட்டு அறைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை இருக்கும். கலைமதி பாயில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். என் பை திறந்திருந்தது.

"உன் கால்சியம் எடுத்துக்கிட்டேன்டி. செம்ம பிடிப்பு. என்னா அது, குட்டிக் குட்டியா இருக்குது? ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா போட்டுக்கிட்டேன்."

நான் "ம்" என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். ஈரம் போன பிறகும் துவட்டினேன்.

இந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்போது மண்டைக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. அந்த மாத்திரையை முதன்முதலாகச் சாப்பிட்ட அன்று எனக்குக் குமட்டியதும், கை நடுங்கியதும், தூக்கம் வராததும் ஞாபகம் வந்தது. இவள் இரண்டு போட்டிருக்கிறாள். நாளைக்கு இவளால் ஓட்ட முடியாது. நாலாவது இடம் எனக்கு. இதுதான் வந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பேசவில்லை. சொன்னால், அது என்ன மாத்திரை என்று சொல்லவேண்டும். சார் நோட்டை எடுப்பார். டீமும் போகும், மானமும் போகும்.

பதினொன்றரை மணிக்கு மண்டபத்தின் பின்பக்கம், கல்யாண அண்டாக்களைக் கவிழ்த்துவைத்திருந்த இடத்துக்குப் போய் டாக்டர் கௌதமனுக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை.

"ரெண்டுதானே? பெரிய ஆபத்து ஒண்ணும் இருக்காது. வாந்தி வரலாம், ராத்திரி தூக்கம் கெடலாம். ஆனா அவங்க வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க, இதயத்துல ஏதாவது பிரச்சினை இருக்கான்னு எனக்குத் தெரியணும். என்னைக் கேக்காம வேற மாத்திரை எதுவும் குடுக்கக் கூடாது. நீங்க அவங்ககிட்ட சொல்லிட்டு, போனை அவங்ககிட்ட குடுங்க."

"சொல்லித்தான் ஆகணுமா சார்?"

"ஆமாம்மா."

உடனே போய்ச் சொன்னேனா என்றால் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கால்சியம்னே இருக்கட்டும்டி," என்றாள் அம்மா. "ஒரு நாள்ல போயிடும். நீ வாயத் தொறக்காத. நாளைக்கு ரேஸ் பாக்க நம்ம தெரு ஆஸிஃபா மாமியும் என்கூட வர்றா. அவ காதுல விழுந்துச்சின்னா தெருவுக்கே மைக் வச்ச மாதிரி."

"டப்பாவுல மாத்திப் போட்டது யாரும்மா?"

"உனக்காகத்தான் போட்டேன்."

அது உண்மை. அதனால்தான் கோபம் அடங்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டின்போது கலைமதி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து ஓடினாள். கைகழுவும் தொட்டியில் வாந்தி. பிறகு இன்னொரு தடவை. முகம் வெளுத்து, சைக்கிள்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சார் ஓடி வந்தார். சாம்பாரை மோந்து பார்த்தார். சமையல்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். அந்த மனுஷன் பாவம், ஒரு தப்பும் செய்யாமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"காலையில இருந்து என்ன சாப்பிட்ட?"

"இட்லி சார். அப்பறம் ஜுவையோட கால்சியம் ரெண்டு."

"கால்சியம் ஒண்ணும் பண்ணாது." சார் மண்டபத்துப் பையன் ஒருவனைத் திரும்பிப் பார்த்தார். "மெடிக்கல்ல போயி வாந்தி மாத்திரை வாங்கிட்டு வா. பேரு எழுதித் தரேன், அதைத்தான் வாங்கணும். கலை, நாளைக்கு நீ எறங்க வேணாம்மா. வெறும் வயித்தோட ரோட்ல வுழுந்தா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

கலைமதி அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமாக அவளோடு ஓட்டுகிறேன். தோள் எலும்பு முறிந்த அன்றுகூடத் திட்டினாளே தவிர அழவில்லை.

பையன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சார், மாத்திரை வாங்க வேணாம்," என்றேன். "அது கால்சியம் இல்ல."

சார் கையைக் காட்டிப் பையனை நிறுத்தினார்.

"அப்ப என்னது?"

"டிப்ரெஷன் மாத்திரை. என்னோடது. எட்டு மாசமா சாப்பிடறேன். அம்மா டப்பாவுல மாத்தி வச்சிருந்தாங்க. அது லிஸ்ட்ல இல்ல சார், ஓட்டலாம். டாக்டர் லைன்ல வருவாரு, கலைகிட்ட பேசணுமாம்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. சார் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கலைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீ சொன்னப்பவே."

"பத்தரை மணி. இப்ப ரெண்டு. மூணரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தியா?"

மாத்திரை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. டிப்ரெஷன் என்ற சொல் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நான் எட்டு மாதம் மூடி மூடி வைத்தது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, அந்த மூன்றரை மணி நேரம்தான் பொருட்டு. நான் பயந்தது ஒன்று, வெட்கப்படவேண்டியது வேறொன்று.

"ஆமா," என்றேன். "நீ ஓட்டலைன்னா எனக்குக் கெடைக்கும்னு நெனச்சேன். மன்னிச்சிடு."

அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரிடம் பேசப் போய்விட்டாள்.

டாக்டர் கால் மணி நேரம் பேசினார், பிறகு சாரிடமும் பேசினார். நிறையத் தண்ணீர், கஞ்சி, ஓய்வு. காலையில் தலை சுற்றாமல், நாடித் துடிப்பு சரியாக இருந்தால் ஓட்டலாம், இல்லையென்றால் கூடாது. போனை வைத்ததும் சார் என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன அவ்ளோ மோசமான ஆளா?"

"மாத்திரை விஷயத்துல ஆமா சார்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சாருக்கு முகம் சிவந்தது. பிறகு பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, என் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து, பேனாவை நீட்டினார்.

"எழுது. பேரு, எத்தனை மில்லிகிராம், எதுக்கு. உன் கையால."

எழுதினேன். 'எதுக்கு' என்ற இடத்தில் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் எழுதினேன். சார் வாசித்துவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டார்.

"நாளைக்கு ஓட்டற. டப்பாவை இங்க குடு. பேரு இல்லாத டப்பாவுல இருந்து எவளும் எதையும் வாயில போடக்கூடாது. உனக்கு நாளைக்கு மாத்திரை வேணும்னா, அட்டையோட கொண்டாரச் சொல்லு."

அம்மாவுக்கு மறுபடி போன். எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அலமாரியில புது அட்டை இருக்குது இல்ல, அதைக் கொண்டா. பிதுக்காத. அட்டையோட."

"பஸ்ல ஆஸிஃபா பக்கத்துலதான்டி உக்காந்து வருவா."

"வரட்டும்."

"பாக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் மணமகள் அறையில் எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள், அதுதான் தாங்கவில்லை. கடைசியில் சேலத்துப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அது சாப்பிட்டா ஸ்பீடு வருமா?"

"வந்தா நான் எதுக்குடி நாலாவது எடத்துக்கு அடிச்சிக்கறேன்?"

அறையே சிரித்தது. கலைமதி சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

காலையில் அவள் கண் வீங்கியிருந்தது. சார் நாடியைப் பிடித்துப் பார்த்து, மண்டபத்தை இரண்டு சுற்று சுற்ற வைத்து, டாக்டரிடம் இன்னொரு தடவை பேசிவிட்டு, அரை மனதோடு சரி என்றார். புறப்படும் வரிசை ஏற்கெனவே குலுக்கல் போட்டாகிவிட்டது. நான் ஆறாவது, அவள் ஏழாவது. எனக்கு ஒரு நிமிஷம் பின்னால். வரிசையில் நிற்கும்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தாள்.

"என் மேல பாவப்பட்டு மெதுவா ஓட்டினேன்னு தெரிஞ்சிது, உன் சைக்கிளைத் தூக்கிப் பாத்தியில போட்டுடுவேன். துரு ஏறிச் சாவட்டும்."

"உன் மேல எவ பாவப்பட்டா?" என்றேன். ஹெல்மெட்டுக்குள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டேன். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணினார்கள். கிளம்பினேன்.

அவள் சொன்னபடியே காற்று முதுகில் இருந்தது. சும்மா மிதித்தாலே நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று கிலோமீட்டர் வேகம் காட்டியது. ஏமாறவில்லை. கால் இன்னும் கேட்டது, கொடுக்கவில்லை. நான்காவது கிலோமீட்டரில் எனக்குத் தெரிந்த அந்தப் பழைய குரல் வந்தது. எதுக்கு இதெல்லாம், இறங்கி ஓரமா உக்காரு. மாத்திரை சாப்பிட்டால் அது செத்துப்போய்விடும் என்று நினைக்காதீர்கள். சத்தம் குறையும், அவ்வளவுதான். குறைந்த சத்தத்துக்கு மேல் நம்மால் பேச முடியும். உக்கார எடமில்ல, ரெண்டு பக்கமும் உப்பு, என்று பதில் சொன்னேன். உண்மையிலேயே வாய் விட்டுச் சொன்னேன்.

அனுமந்தைப் பக்கம் கொடி நட்டிருந்த இடத்தில் திரும்பினேன். எதிரே கலைமதி எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று பார்க்கவேண்டும். அவள் என்னைக் கடந்தபோது கணக்குப் போட்டேன். இடைவெளி கிட்டத்தட்ட அதே ஒரு நிமிஷம்தான். ஒரு ராத்திரி தூங்காமல், கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தவள், வாயைப் பிளந்துகொண்டு, எச்சில் தாடையில் வழிய வந்தாள். என்னைப் பார்த்து முறைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமான சந்தோஷம். எட்டு மாதத்தில் இந்த அளவுக்கு எதுவும் எனக்குள் இறங்கியதில்லை.

பிறகு காற்று முகத்தில் அடித்தது. சைக்கிள் சேற்றில் போவது போல ஆயிற்று. தலையைத் தாழ்த்தி, முழங்கைகளைக் குறுக்கி, மிதித்தேன். தொடை எரிந்தது. உப்பும் வியர்வையும் உதட்டில் ஒரே ருசி. மரக்காணம் நெருங்கும் இடத்தில், உப்பு சுமக்கும் பெண்கள் பத்துப் பேர் ரோட்டைக் கடக்க முடியாமல் நின்றிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். எல்லார் தலையிலும் உப்பு நிறைந்த கூடை. கீழே இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதால் தலையில் வைத்தபடியே காத்திருந்தார்கள். முதலில் நின்ற பெண் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏம்மா சைக்கிளு, வெரசா போம்மா. தலை எறங்குது எங்களுக்கு."

யாரும் எனக்குக் கைதட்டவில்லை. சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்று நின்றார்கள். அதற்கு முன் எந்தக் கைதட்டலும் என் காலுக்கு அவ்வளவு வேகம் கொடுத்ததில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தேன் என்று தெரியாது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு சாய்ந்தேன். சார் பிடித்துக்கொண்டார்.

அரை மணி கழித்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நான்காவது, கலைமதி, முப்பத்தொரு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி. ஐந்தாவது, ஜுவைரியா, முப்பத்தொரு நிமிஷம் நாற்பத்தைந்து விநாடி.

மூன்று விநாடி. என் மாத்திரையைச் சாப்பிட்டு, வாந்தி எடுத்து, தூங்காமல் வந்து என்னைத் தோற்கடித்திருக்கிறாள். சேலத்துப் பெண் என் காதில், "ஸ்பீடு வரும்போல இருக்கேக்கா," என்றாள். வலித்தது, பொய் சொல்லமாட்டேன். அந்த இடத்துக்காகத்தானே மூன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டிலோரத்து வலி இல்லை இது. இது மிதித்தால் தீருகிற வலி.

"ரிசர்வும் கேம்ப்புக்கு வரணும்," என்றார் சார். "திங்கக்கிழமை அஞ்சரை மணி."

"அஞ்சு மணிக்கே வர்றேன் சார்."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். ஒரு கையில் டிபன் கேரியர், தோளில் கைப்பை. பின்னாலேயே ஆஸிஃபா மாமி, எதையும் தவறவிடாத கண்களோடு. "கொண்டாந்தியா?" என்று கேட்டேன். அம்மா மாமியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அப்பறம் தரேன்," என்றாள். மணி பத்து. என் மாத்திரை நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அவள் பயத்தைப் பிதுக்கி எடுப்பது என் வேலை இல்லை.

ரோட்டை ஒட்டிய மைதானத்தின் மறுகோடியில், பந்தல் போட்டு ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இடத்துக்கு வந்தவளையும், சீட்டுக் குலுக்கி ஒருத்தியையும் கூப்பிட்டார்கள். சீட்டில் கலைமதி பெயர். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள், கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். கலைமதி திரும்பி, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"ஜுவை, உன் மாத்திரை பேரு இன்னாடி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸிஃபா மாமி, "என்ன மாத்திரை?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நடக்கத் தொடங்கியிருந்தாள். பந்தலுக்குப் போய், டிபன் கேரியரைக் கீழே வைத்து, கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கைக்குட்டை மடிப்பு. மடிப்புக்குள் அட்டை, ஒரு மாத்திரைகூடப் பிதுக்காத முழு அட்டை. அதை மேசைமேல் வைத்தாள்.

"இதாங்க. எம் பொண்ணு டிப்ரெஷனுக்குச் சாப்பிடறது. கால்சியம்னு டப்பாவுல மாத்திப் போட்டது நான்தான். இந்தப் பொண்ணு தெரியாம சாப்பிட்டுடுச்சி. அது மேல தப்பில்லைன்னு எழுதிக்கோங்க."

அந்த அம்மாள் அட்டையைக் கையில் வாங்கி, பெயரைப் பார்த்துப் படிவத்தில் எழுதினார். "சரிங்க," என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மா அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "மணி என்ன ஆவுது. போட்டுக்கோ." சைக்கிள் பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றி, ஆஸிஃபா மாமி பார்க்க, சார் பார்க்க, விழுங்கினேன்.

"எனக்கு ரெண்டு," என்றாள் கலைமதி, கையை நீட்டி. நான் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். நேற்று மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் நடக்க, அம்மாவும் மாமியும் பின்னால் வந்தார்கள். மாமி தாழ்ந்த குரலில் ஏதேதோ கேட்டாள், அம்மா நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அந்த அட்டையை அவள் இன்னும் பைக்குள் போடவில்லை. டிபன் கேரியர் பிடியோடு சேர்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கையிலேயே வைத்திருந்தாள்.